அப்பன் வேஷம்

கல்லூரி விடுதி, மதுரை
10.7.1977

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த அய்யாவுக்கு, மகள் அன்னக்கொடி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். விடுதிச் சாம்பார் இன்னும் என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. ஆத்தாவுக்கு முழங்கால் வலி எப்படி? குரங்கணியில் சாரல் பிடித்துவிட்டதா? மேலே தோட்டத்துக்கு நடக்கும்போது அட்டை ஏறாமல் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு சேதி. இந்த வருஷம் கல்லூரி விழாவில் பெரிய நாடகம் ஒன்று போடுகிறோம். வெளிநாட்டில் பல நூறு வருஷமாக ஆடிவருகிற துயர நாடகம். எங்கள் பேராசிரியை தமிழாக்கியிருக்கிறார். ஒரு பெரிய வீட்டுப் பெண்ணுக்கு, அவளைக் கேட்காமலே அவளுடைய அப்பா கல்யாணம் பேசிவிடுகிறார். அவள் மாட்டேன் என்கிறாள். என் சொல் கேட்காவிட்டால் நீ என் மகளே இல்லை என்று அவர் கத்துகிறார். கடைசியில் கல்யாணப் பந்தலிலேயே அவளைப் பிணமாகக் கிடத்துகிறார்கள்.

அந்தப் பெண்ணாக என் அறைத்தோழி குருவம்மாள் நடிக்கிறாள். நான் யார் தெரியுமா? அந்த அப்பா! பெண்கள் கல்லூரியில் ஆம்பளைக்கு எங்கே போவது? எல்லோரையும் ஒரு வரி கத்தச் சொன்னார்கள். நான் கத்தியதும் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டன. "இந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது?" என்று பேராசிரியை கேட்டார். "எங்க அய்யா இந்தச் சரிவுல நின்னு எதிர்ச் சரிவுல ஏலக்காய் எடுக்குற ஆளைக் கூப்பிடுவாரு, அவருகிட்ட இருந்து வந்தது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒரு சந்தேகம். மகள் மேல் கோபப்படுகிற அப்பா எப்படி நிற்பார்? கை எங்கே இருக்கும்? எனக்குத் தெரிந்த அப்பா நீங்கள் ஒருவர்தான். எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
அன்னக்கொடி


குரங்கணி
24.8.1977

மகள் அன்னக்கொடிக்கு அய்யா கோட்டைச்சாமி எழுதிக்கொண்டது. சாமி புண்ணியத்தில் வீட்டில் யாவரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆத்தா வேலுத்தாய் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறாள்.

நல்ல மழை. காய் எடுப்பு தொடங்கிவிட்டது. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. போன வாரம் போடி ஏலத்தில் நம் காய்க்கு நல்ல பெயர். பச்சை நிறம் மங்காமல் உலர்த்தியிருக்கிறீர்கள் என்று வடக்கத்தி வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷத்தோடு அன்று சாயங்காலமே உன் அத்தை பாண்டியம்மாள் வீட்டில் வெற்றிலை மாற்றிக்கொண்டோம். மாப்பிள்ளை அவள் மகன் சின்னமுத்து. தை மாதம் கல்யாணம். பெரியவர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து மேல் எல்லையில் யானை வந்து இரண்டு வரிசைச் செடியை மிதித்துவிட்டது. அட்டைக்கடி இந்த வருஷம் அதிகம்.

நாடகம், வேஷம் எல்லாம் வேண்டாம். அப்பன் எப்படி நின்றால் உனக்கென்ன? படிக்கப் போனவள் படி. உன் வாய் எனக்குத் தெரியும், அதனால் இதையும் எழுதுகிறேன். மாற்றின வெற்றிலையைத் திருப்பினவன் நம் வகையறாவில் ஒருத்தன்கூடக் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கோ. கோட்டைச்சாமி


மதுரை
30.8.1977

மரியாதைக்குரிய அய்யாவுக்கு அன்னக்கொடி எழுதுவது. நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, உங்கள் கடிதம்தான்.

என் கல்யாணச் சேதியை ஏலத்துக்கும் யானைக்கும் நடுவில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை படித்தபோது தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து படித்தேன். யானை மிதித்த செடிக்கு ஒரு வரி என்றால் எனக்கு மூன்று வரி கிடைத்திருக்கிறது, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

அய்யா, சின்னமுத்து மச்சான் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. போடிமெட்டு வளைவுகளில் அவர் ஜீப்பு ஓட்டுகிற நிதானத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெற்றிலை மாற்றின எட்டுப் பேரில் ஒருவருக்கும் என் ஞாபகம் வரவில்லையே. காய்க்கு நல்ல பெயர் கிடைத்த கையோடு பெண்ணையும் முடித்துவிட்டீர்கள். சித்திரையில் எனக்குக் கடைசிப் பரீட்சை. அதற்கு மேலும் படிக்க ஆசை இருக்கிறது. இதையெல்லாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

ஆத்தாவுக்கு என் அன்பு. பதில் போடுங்கள்.
அன்னக்கொடி


மதுரை
5.10.1977

அய்யாவுக்கு வணக்கம். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, குரங்கணியிலிருந்து ஒரு கார்டுகூட இல்லை. தபால்காரர் கேட்டுக்குள் நுழையும்போதே "உனக்கு இல்லம்மா" என்று கையை விரித்துவிடுகிறார். வீட்டில் எல்லோரும் நலம்தானே?

நாடகத்தை நான் விடவில்லை. போன வாரம் ஒத்திகையில் பேராசிரியை என்னைத் திட்டினார். "நீ அந்த அப்பாவைக் கெட்டவனா நடிக்கிற. கெட்டவன் கத்தினா யாருக்கும் வலிக்காது" என்றார். யோசித்துப் பார்த்தேன். உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. மகளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நம்புகிறார். நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டார், அதற்கு மேல் வேறு சொல் அவரிடம் கிடையாது. அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். மறுநாள் உங்களைப் போல நின்றேன். தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு வசனத்தைச் சொன்னேன். குருவம்மாள் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

ஆனால் அந்தப் பெண் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் சரி என்று பொய் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காரியம் பார்த்தாள். அதனால்தான் செத்தாள். நான் கோட்டைச்சாமி மகள். முன்வாசலில் நின்றே சொல்கிறேன். தை மாதம் நான் மணையில் உட்கார மாட்டேன். ஓடிப்போகவும் மாட்டேன், விஷம் குடிக்கவும் மாட்டேன். மாட்டேன் என்று மட்டும் சொல்வேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி நாடகம். அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. உங்களுக்கும் ஆத்தாவுக்கும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மகள்
அன்னக்கொடி


குரங்கணி
1.11.1977

அன்னக்கொடிக்கு அய்யா எழுதுவது. இங்கு சுகம், அங்கும் அப்படியே இருக்கட்டும். உன் கடிதங்கள் வந்து சேர்ந்தன.

தீபாவளிக்கு நீ ஊருக்கு வர வேண்டாம். காய் எடுப்பு மும்முரம். கூட்டிவர ஆள் இல்லை. விடுதியிலேயே இரு. ஆத்தா சுட்ட அதிரசமும் முறுக்கும் மதுரைக்கு வருகிற சுருளியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் தோட்டத்தில் காய் எடுக்கிற ஆள்தான், உனக்குத் தெரியும்.

சுருளியிடம் ஒரு பொட்டலம் ஏலக்காயும் இருக்கும். நாலு காயைத் தட்டி வெந்நீரில் போட்டுக் காலையும் மாலையும் குடி. பனிக்காலத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

கோ. கோட்டைச்சாமி


மதுரை
12.12.1977

அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் அன்னக்கொடி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டை கட்டவில்லை. ஏலக்காய்த் தண்ணீர் குடித்தேன்.

தீபாவளியன்று விடுதியில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மற்ற இரண்டு பேருக்கும் வீடு என்று ஒன்று இல்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் வர வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது. சொல் கேட்காத பெண்ணுக்கு வீடு எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை. அதிரசத்தைப் பங்கிட்டுத் தின்றோம்.

நாடகம் முடிந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் கூட்டம். நான் வேட்டி கட்டி, மீசை ஒட்டி, துண்டை உதறிக் கத்தியபோது ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. கடைசிக் காட்சியில் எனக்கு வசனம் கிடையாது. செத்த மகள் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். மூன்று மாதம் ஒத்திகை பார்த்தும் அந்த இடம் மட்டும் எனக்கு வரவே இல்லை. அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் உங்களுக்கு வைத்த இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. உடனே வந்துவிட்டது. திரை விழுந்த பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேனாம். குருவம்மாள்தான் எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

எனக்குத்தான் முதல் பரிசு. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்னக்கொடி


போடிநாயக்கனூர்
28.12.1977

அன்னக்கொடிக்குச் சின்னமுத்து எழுதுவது. கீழே கையெழுத்தில் மச்சான் என்று போடலாமா கூடாதா என்று யோசித்தே இரண்டு கார்டு வீணாகிவிட்டது. அதனால் பெயரை மட்டும் போடுகிறேன். நான் நலம், ஜீப்பும் நலம்.

மாமா உனக்கு எழுதியிருக்க மாட்டார் என்று தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். எட்டாம் தேதி சாயங்காலம் அவரை நான்தான் ஜீப்பில் போடி ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். "மதுரையில ஒரு சோலி" என்றார். சட்டைப் பையில் உன் அழைப்பிதழ் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பத்தாம் தேதி திரும்பி வந்தார். குரங்கணிக்கு ஏறும்போது பாதி வழியில், "நிப்பாட்டுப்பா" என்றார். நிறுத்தினேன்.

"ஏம்ப்பா முத்து, எந்தங்கச்சி எம்மகளக் கேட்டா. நீ கேட்டியா?"

"இல்ல மாமா. என்னையவும் ஒருத்தரும் கேக்கல."

மாமா துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வெரசா எடு, சோலி கெடக்கு" என்றார்.

மூன்றாம் நாள், வெற்றிலை மாற்றியபோது இருந்த அதே எட்டுப் பேரையும் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தார். வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிறவன் தோளில் துண்டு இருக்கக் கூடாது, நின்றபடிதான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாம். இதுவரை யாரும் செய்யாததால் எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமா வாசலிலேயே துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஜீப்பிலேயே இருந்துவிட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. எங்கள் அம்மா அழுதது மட்டும் கேட்டது. "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அம்மா சொன்னதும் கேட்டது. மாமா தலை குனியாமல்தான் வெளியே வந்தார்.

இன்னொன்று. தீபாவளிக்கு நீ வந்திருந்தால் எங்கள் வீட்டுச் சேலையைக் கை நீட்டி வாங்கியிருக்க வேண்டும். வாங்கிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. சேலையைக் கொண்டுபோன எங்கள் அம்மாவிடம், "பிள்ள ஊருல இல்ல, கொண்டுபோ தாயி" என்று மாமா சொல்லிவிட்டார். உன்னை ஏன் வரச் சொல்லவில்லை என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை.

எனக்கு வருத்தமா என்று நீ கேட்பாய். கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. நன்றாகப் படி.

சின்னமுத்து


மதுரை
4.1.1978

என் அய்யாவுக்கு, அன்னக்கொடி ஆயிரம் வணக்கம் சொல்லி எழுதுவது. ஆத்தாவும் நீங்களும் நலமா? நான் மிக நலம்.

சின்னமுத்து மச்சான் எழுதியிருந்தார். அவரைத் திட்டாதீர்கள். தீபாவளியைப் பற்றி நான் எழுதியதை மன்னித்துவிடுங்கள். ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் நான் அப்படி எழுதியிருப்பேனா? உங்களுக்கு வாய் திறந்து சொல்லத்தான் வராதே.

நீங்கள் துண்டை எடுத்தீர்கள் என்ற இடத்துக்கு மேல் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. குருவம்மாள்தான் மீதியைப் படித்துக் காட்டினாள். என்னால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதேன். ஆனால் அழுகையைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது, அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த நாடகத்து அப்பாவுக்கு மகள் செத்த பிறகுதான் புத்தி வந்தது. என் அய்யாவுக்கு மகள் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. விடுதி முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது நீங்களே சொல்ல வேண்டும். ஒன்பதாம் தேதி எங்கே இருந்தீர்கள்?

அன்னக்கொடி


குரங்கணி
6.2.1978

என் தாயி அன்னக்கொடிக்கு அய்யா எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். கடைசிக் காய் எடுப்பும் முடிந்துவிட்டது. ஆத்தா உன் பரிசுக் கோப்பையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வரும்போது கொண்டா.

மதுரையில் ஒரு சோலி இருந்தது. போகிற வழியில் உங்கள் கல்லூரிக்குள் எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் எல்லாம் பேன்ட் போட்ட அப்பன்மார். அங்கே வந்து உட்காரக் கூச்சமாக இருந்தது. பின்னால் தூணோரம் நின்றுகொண்டேன். கத்துகிறபோது நன்றாகக் கேட்டது. தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், "யாரு வீட்டுப் பிள்ளையோ!" என்றார். என்னுடையது என்று அப்போது சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

ஒரு பிழை மட்டும் இருந்தது. கத்தும்போது நீ அந்தப் பிள்ளையின் முகத்தை முறைத்துப் பார்த்தாய். எந்த அப்பனும் அப்படிப் பார்க்க மாட்டான். பார்த்தால் கத்த வராது. சுவரைப் பார்த்துத்தான் கத்துவான். வெற்றிலை மாற்றின சேதியை, நீ லீவில் வருகிறவரை காத்திருந்து நேரில் சொல்லியிருக்கலாம். கடிதத்தில் எழுதினேன். காரணம் அதுதான்.

அத்தை வீட்டோடு பேச்சு இல்லை. பொங்கலுக்கு ஒரு கரும்புகூட வரவில்லை. ஒரே தங்கச்சி. அது என் கவலை, நீ பரீட்சையைப் பார்.

கோ. கோட்டைச்சாமி


குருவம்மாள் வீடு, மதுரை
28.6.1978

அன்புள்ள அய்யாவுக்கு அன்னக்கொடி எழுதுவது. முடிவு பார்க்க வந்த என்னை, இப்போது மதுரைக்கே குடிவந்துவிட்ட குருவம்மாள் வீட்டில் மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். நீங்களும் ஆத்தாவும் நலம்தானே? மழை எப்படி?

பரீட்சை முடிவு வந்துவிட்டது. கல்லூரியிலேயே நான்தான் முதல். சென்னையில் எம்.ஏ. படிக்க இடமும் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. விடுதி உண்டு.

லீவில் வீட்டில் இருந்த நாற்பது நாளும் இதைக் கேட்க நினைத்தேன். நீங்கள் தோட்டத்திலேயே இருந்தீர்கள். வந்தாலும் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள், நானும் சுவரைப் பார்த்துக்கொண்டேன். உங்களைப் போலத்தான் நானும், நேரில் வாய் வரவில்லை.

எனக்காக ஏற்கனவே உங்கள் கூடப்பிறந்தவளை இழந்துவிட்டீர்கள். இப்போது சென்னைக்கும் போனால், இதற்குத்தானா வெற்றிலையைத் திருப்பினான் என்று ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் உத்தரவு இல்லாமல் போக மாட்டேன். வேண்டாம் என்றால் போடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், குறைப்பட மாட்டேன். சொல்லுங்கள் அய்யா, போகட்டுமா?

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
அன்னக்கொடி


குரங்கணி
5.7.1978

அன்னக்கொடிக்கு அய்யா எழுதுவது. சுகம். முதலாவதாக வந்ததை ஆத்தா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் போடியில் நாலு கடையில் சொன்னேன்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உத்தரவு கேட்டு வருகிற கடிதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு உன் அத்தை வீட்டில் நான் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபோது, அவள் புருஷன் திருப்பதி எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். "பிள்ளையப் பெத்தது நீயா, இல்ல அவளா முளைச்சு வந்தாளா? உங்க வீட்ல யாரு சொல்லு பெருசு?" நான் சொன்னேன். "வீட்டுக்கு எஞ்சொல்லுதான் மாப்ளே. அவ வாழ்க்கைக்கு அவ சொல்லு." நான் வெளியே வந்துவிட்டேன்.

நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நான் மாற்றினது ஆயுளில் ஒரு தடவைதான். அதையும் உனக்காகத்தான் மாற்றினேன். அன்று அங்கே சொன்னதும் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்தான். நீ என்னிடம் உத்தரவு கேட்டால் அது பொய்யாகிவிடும். அதை மட்டும் செய்துவிடாதே.

யோசித்து, நீயே முடிவு செய்து, வேறு கடிதம் எழுது.

கோ. கோட்டைச்சாமி


மதுரை
10.7.1978

அய்யாவுக்கு,

நான் சென்னைக்குப் போகிறேன். இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி, மதுரையிலிருந்து சாயங்கால ரயில். இரண்டு வருஷம் படிப்பேன். அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது சொல்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நீங்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் போவேன்.

கோ. அன்னக்கொடி